பிளிறாத நேரத்து யானை

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தின் தலைப்பே எனக்கு முதலில் இடறியது. கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய, ஏறத்தாழ நாற்பது நிமிட ஆவணப்படம். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற தாயற்ற இரண்டு யானைக் குட்டிகளை வளர்த்த கதை. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ஆங்கிலத்தில் 'விஸ்பரர்' என்றால் விலங்கின் காதில் மந்திரம்போல ஏதோ முணுமுணுத்து அதை வசப்படுத்துகிறவர். படத்தில் பெள்ளி அப்படி எதுவும் செய்வதில்லை. நம் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளிடம் பேசுவதுபோலப் பேசுகிறார், கொஞ்சுகிறார், அதட்டுகிறார். பேசுவதைவிட அதிக நேரம் கவனித்துக்கொண்டிருக்கிறார். குட்டி பால் குடிக்காமல் முகம் திருப்பினால் ஏன் என்று யோசிக்கிறார். காது ஆடுவதையும் நின்றுவிடுவதையும் பார்க்கிறார். படத்தின் உயிரே இந்தக் கவனிப்புதான். தலைப்போ பேசுகிற வாயை மனிதருக்கும் கேட்கிற காதை யானைக்கும் கொடுத்துவிட்டது.

இதை அற்பக் குறையென்று தள்ள எனக்கு மனமில்லை. யானை பேசும், மனிதர் கேட்கலாம் என்பது நமக்கு எவ்வளவு தாமதமாகத் தோன்றியிருக்கிறது என்பதற்கு இந்தத் தலைப்பு ஒரு சாட்சி. நாம் பள்ளியில் படித்த ஒலிமரபை நினைத்துப் பாருங்கள். குதிரை கனைக்கும், சிங்கம் முழங்கும், குயில் கூவும், யானை பிளிறும். யானைக்கு ஒரே ஒரு வினைச்சொல். தேர்வில் 'யானை கத்தும்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். பிளிறல் என்பது கோபத்தின், அச்சத்தின், மிரட்சியின் ஒலி. போர்க்களத்து யானை, மதம் கொண்ட யானை, வேட்டைக்காரனை எதிர்கொள்ளும் யானை பிளிறும். மற்ற நேரத்து யானை என்ன செய்யும்? கன்றோடு நிற்கிற யானை, கூட்டத்தைவிட்டு இரண்டு மைல் தள்ளி மேய்கிற யானை, அக்காவைத் தேடுகிற யானை? இலக்கண நூலில் அதற்குச் சொல் கிடையாது.

பெயர்களுக்குக் குறைவில்லை என்பதுதான் வேடிக்கை. களிறு, வேழம், கயம், பிடி என்று தமிழ் யானையைப் பெயர்களால் குளிப்பாட்டியிருக்கிறது. தொல்காப்பிய மரபியல் பெண் யானைக்குப் பிடி என்ற பெயரைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. ஆனால் அந்தப் பிடியை நம் புலவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள்? பெண்ணின் நடைக்கு அளவுகோலாக. அன்னநடை, பிடிநடை. களிறு கிளை ஒடித்துக் கொடுக்கும், பிடி உண்ணும். களிறு நீர் தேடும், பிடி உடன் நிற்கும். அழகான காட்சிகள்தாம், நானும் ரசித்தவைதாம். இருந்தாலும் அவற்றில் பிடி பார்க்கப்படுகிறாள். அவள் என்ன சொன்னாள் என்பது பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகிறது.

1984இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளின் கூண்டருகே சில நாள்கள் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் அவர் கூனல்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டுகளை ஆராய்ந்தவர். அந்தப் பாட்டுகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன என்று கண்டவர்களில் ஒருவர். யானைகளின் அருகில் அவர் காதில் எதுவும் விழவில்லை. காற்றில் ஓர் அதிர்வு மட்டும் வந்து வந்து போனது. தூரத்து இடி, ஆனால் இடியோசை இல்லை. ஊர் திரும்பும் வழியில்தான் அவருக்குப் பொறி தட்டியது. இளவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியபோது, ஆர்கனின் மிகக் கீழ்ச்சுருதிகள் ஒலிக்கும் நேரத்தில் இதே அதிர்வை உடம்பில் உணர்ந்திருக்கிறார். கருவிகளோடு திரும்பிப் போய்ப் பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓடவிட்டபோது யானைகள் பேசுவது கேட்டது. வில்லியம் லாங்பவர், எலிசபெத் மார்ஷல் தாமஸ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1986இல் வெளிவந்தது. அந்த ஒலிகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை இருந்தன. மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ்தான் கீழெல்லை.

ஒரு பெண் தன் உடம்பு உணர்ந்ததை நம்பினார் என்பதை இந்தக் கதையில் நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். கருவி பிறகு வந்தது. 'எனக்கு என்னமோ அதிர்கிறமாதிரி இருந்தது' என்று ஒரு பெண் சொன்னால் நம் ஊரில் அவளுக்குச் சத்து மாத்திரை எழுதிக்கொடுப்பார்கள். பெய்ன் அதை ஆய்வுக்குரிய செய்தியாக எடுத்துக்கொண்டார்.

அவருக்கு முன்பே இதைக் கவனித்தவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் பத்தி எழுதினார். நாம் கேட்காத ஒலிகளில் யானைகள் தொடர்புகொள்கின்றன என்று முதலில் குறிப்பிட்டவராக இப்போது அவரைத்தான் சொல்கிறார்கள். கிருஷ்ணனின் தந்தை அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர். 1903இல் வந்த 'முத்துமீனாட்சி' அவருடைய இன்னொரு நாவல், பால்ய விதவை ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. எழுதியது ஆண்தான், அந்தக் குரல் எவ்வளவு முத்துமீனாட்சியுடையது, எவ்வளவு மாதவையாவுடையது என்ற வழக்கு நமக்குள் தீராது, தீரவும் வேண்டாம். ஆனாலும் வீட்டு மூலையில் உட்கார்த்திவைக்கப்பட்டவளுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அப்பா நினைத்தார். காட்டில் வாயே திறக்காததுபோல் நிற்கிற விலங்கு பேசிக்கொண்டிருக்கிறது என்று மகன் நினைத்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் வாசிப்பு. கிருஷ்ணன் சிரித்திருக்கவும் கூடும்.

இந்த ஒலிக்கு நம் அறிவியல் பாடநூல் வைத்திருக்கிற பெயர் குற்றொலி. குறுமை கூட்டல் ஒலி. பத்துப் பெண்களோடு இதைப் பேசியபோது அதிலொரு கல்லூரி மாணவி, 'குற்றம் செய்த ஒலின்னு நெனைச்சேன் மிஸ்' என்றாள். சிரித்தோம். பிறகு யோசித்தால், 'குறு' என்பதும் பொருந்தவில்லை. யானையின் உறுமல் சின்ன ஒலியே இல்லை. கீழ்ச்சுருதி ஒலி மரங்களில் பட்டுச் சிதறாமல் கிலோமீட்டர் கணக்கில் போகும். நிலத்துக்குள்ளும் அதிர்வாகப் பரவும். காலாலும் துதிக்கை நுனியாலும் யானைகள் அதை உணர்கின்றன என்று நமீபியாவின் எட்டோஷாவில் கேட்லின் ஓகானல் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இவ்வளவு வலுவான ஒலியைக் குறு என்று அழைக்க ஒரே காரணம், அது நம் காதின் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்பதுதான். 'மெல்லப் பேசுகிறாள்', 'வாயே திறக்க மாட்டாள்' என்று பெண்களைப் பற்றிச் சொல்லும்போதும் அளவுகோல் யார் காது என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் ஆரணியில் காட்டு யானை கிடையாது. ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்று. ஆற்றில் பல மாதம் மணல்தான். விடிவதற்கு முன்பே கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேன்கள் கிளம்பிவிடும். அந்த வேன்களில் பதினாறு வருடமாகப் போய்வருகிற பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் யானையின் குற்றொலியை முதலில் சொன்னேன். அவர் வேலை செய்யும் கூடத்தின் அடுத்த கொட்டகையில் இரும்பு உருட்டும் ஆலை ஓடுகிறது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: "அதேதாம்மா. காதுல சத்தம் கேக்கறது வேற, இது வேற. மிஷினு நிறுத்தின பெறகும் நெஞ்சுக்குள்ள அதிர்ந்துகினே இருக்கும். வூட்டுக்கு வந்து பசங்க கூப்டா காதுல ஏறாது. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, மீட்டர் வச்சி அளந்தாச்சு, எல்லாம் கரெக்டாத்தான் கீதுன்றாரு."

மீட்டர் பொய் சொல்லியிருக்காது. சிக்கல் அந்த மீட்டரின் காதில் இருக்கிறது. தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் வரம்பு 90 டெசிபல்-ஏ. அந்த 'ஏ' என்ற எழுத்து ஒரு கணக்கைக் குறிக்கிறது. மனிதக் காது எந்தச் சுருதியை எவ்வளவு கேட்குமோ அதற்கேற்பக் கருவி கூட்டிக் கழித்துக்கொள்ளும். கீழே போகப் போகக் கழிவு அதிகம். 20 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து சுமார் 50 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். காது கேட்காத ஒன்றை ஏன் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் நியாயம். காதைச் செவிட்டாக்கும் சத்தத்தை அளக்க அந்த நியாயம் போதும். நெஞ்சு அதிர்கிறது என்று சொல்கிறவருக்கு அந்தக் கருவியில் இடமே ஒதுக்கப்படவில்லை. அக்காவின் புகாரை அளக்க வேறு விதமான அளவீடு வேண்டும். அதை யாரும் கேட்டுப் பெறவில்லை, ஏனென்றால் முதல் கருவி 'கரெக்ட்' என்று சொல்லிவிட்டது.

இன்னொரு காதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். புகாரை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். எழுத முடியாதவளுக்குக் குழு உதவ வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. நல்ல வரி அது. ஆனால் கூடத்தில் நடப்பது வேறு. அந்த இரைச்சலில் பெண்கள் வாயசைப்பாலும் கையாலும் பேசிக்கொள்கிறார்கள். இன்னார் வருகிறார், அந்தப் பக்கம் போகாதே என்பதற்கு ஒரு கண்ஜாடை. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே அது கற்றுத்தரப்படும். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஓர் எச்சரிக்கை வலை அது. 'எங்களிடம் புகார் எதுவும் வரவில்லை' என்று ஆண்டறிக்கை எழுதப்படும் அதே கூடத்தில் அது இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

யானைகளும் யார் வருகிறார் என்று கேட்டறிகின்றன. கென்யாவின் அம்போசெலியில் கேரன் மெக்கோம்பும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை 2014இல் வெளியானது. 'அதோ பார், யானைக் கூட்டம் வருகிறது' என்ற ஒரே வாக்கியத்தை மாசாய் ஆண்கள், காம்பா ஆண்கள், மாசாய்ப் பெண்கள், சிறுவர்கள் எனப் பலரைச் சொல்லவைத்துப் பதிவு செய்து யானைகளுக்கு ஒலிபரப்பினார்கள். மாசாய் ஆண்கள் மாடு மேய்ப்பவர்கள். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் யானையோடு மோதுகிறவர்கள், ஈட்டி வைத்திருப்பவர்கள். அவர்கள் குரல் கேட்டதும் யானைகள் நெருங்கிக் கூடி, காற்றை முகர்ந்து, விலகிப்போயின. பெண்கள், சிறுவர்களின் குரலுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. ஆண் குரலைக் கருவியால் பெண் சுருதிக்கு மாற்றிப்போட்டும் யானைகள் ஏமாறவில்லை. மனிதரே ஆபத்து என்று அவை முடிவுகட்டவில்லை. எந்த மொழி, எந்தப் பால், எந்த வயது என்று பிரித்தறிகின்றன. இரவு வேலை முடிந்து கவரப்பேட்டை நிறுத்தத்தில் இறங்குகிற எந்தப் பெண்ணுக்கும் இது புதிதாக இருக்காது. பின்னால் வருகிற பேச்சுச் சத்தத்தில் எத்தனை பேர், குடித்திருக்கிறார்களா, தெரிந்த குரலா என்று அவளும் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுகிறாள். அவள் கணக்கை 'வீண் பயம்' என்கிறோம். யானையின் கணக்கை நுண்ணறிவு என்று ஆய்விதழில் போடுகிறோம்.

இந்த இடத்தில் பெண்ணிய எழுத்து வழக்கமாக 'தாய்வழித் தலைவி'யிடம் போகும். ஆண் யானை தனித்தலையும், கூட்டத்தை மூத்த பெண் நடத்துவாள், பார்த்தீர்களா இயற்கையே பெண்ணாட்சி என்று. எனக்கு இதில் தயக்கம் உண்டு. மூத்தவளின் அறிவு பெரிது என்பதில் சந்தேகமில்லை: சிங்கக் கர்ஜனையில் ஆணுடையது எது, பெண்ணுடையது எது என்று வயதான தலைவியின் கூட்டமே நன்றாகப் பிரித்தறிந்தது என மெக்கோம்ப் குழுவின் 2011 ஆய்வு காட்டியது. ஆனால் இவையெல்லாம் ஆப்பிரிக்கச் சவன்னா யானைகள். நம் பக்கத்து யானை வேறு. இலங்கையின் உடவளவையில் பல ஆண்டுகள் யானைகளைத் தொடர்ந்த ஷெர்மின் டி சில்வா, ஆசியப் பெண் யானைகளிடம் அவ்வளவு உறுதியான மேல்–கீழ் வரிசை இல்லை என்று எழுதியிருக்கிறார். சேர்வார்கள், பிரிவார்கள், மீண்டும் சேர்வார்கள். கூட இல்லாதபோதும் உறவு அறுவதில்லை. குரல்கள்தான் அந்த நூலைப் பிடித்திருக்கின்றன. முதுமலையில் ஸ்மிதா நாயர், ரோகிணி பாலகிருஷ்ணன், ரா. சுகுமார் முதலியோர் பதிவு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, நம் காட்டு யானைகளின் குரலைப் பிளிறல், கீச்சொலி, கர்ஜனை, உறுமல் என நான்காக வகுத்தது. ஒலிமரபில் இருந்த ஒன்று நான்காகிவிட்டது.

'தலைவி' என்ற சொல்லில் நம் ஆசையும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அரசன் இருந்த நாற்காலியில் அரசியை உட்காரவைக்கும் ஆசை. சவன்னாவிலேயே முடிவெடுக்கும் விதம் அரசாணைபோல் இல்லை. ஜாய்ஸ் பூல் 'போவோமா' உறுமல் என்று ஒன்றை விவரித்திருக்கிறார். கிளம்ப விரும்பும் ஒரு பெண் யானை கூட்டத்தின் ஓரத்துக்கு வந்து, தான் போக நினைக்கும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, விட்டு விட்டு உறுமும். மற்றவை உடனே கிளம்பாமல் போகலாம். அது காத்திருக்கும், திரும்ப உறுமும். ஆளுக்கொரு குரல் கொடுத்து, பிறகு நகர்வார்கள். உறுமலுக்கு நடுவே காதுகளை விரித்து எல்லாரும் அப்படியே உறைந்து நிற்பதுண்டு. தூரத்துப் பதிலைக் கேட்க மேய்ச்சலையும் நடையையும் நிறுத்தியாக வேண்டும்.

2024இல் வந்த இன்னொரு ஆய்வை நாளிதழ்கள் 'யானைகள் பெயர் சொல்லி அழைக்கின்றன' என்று கொண்டாடின. மைக்கேல் பார்டோ குழு கென்ய யானைகளின் 469 அழைப்புகளைக் கணினியிடம் கொடுத்து, எது யாருக்கானது என்று ஊகிக்கச் சொன்னது. சரியாகச் சொன்னது 27.5 சதவீதம். குருட்டு ஊகத்தைவிட நல்ல எண்ணிக்கை. தலைப்புச் செய்திக்குரிய உறுதி அதில் இல்லை. தமக்குரிய அழைப்பை ஒலிபரப்பியபோது யானைகள் கூடுதல் வேகத்தில் ஒலிபெருக்கியை நோக்கி வந்தன என்பதுதான் என்னை நிறுத்தியது. அழைத்தவள் அங்கே இல்லை. அழைப்பு மட்டும் இருந்தது.

மறுபடியும் பெள்ளிக்கு வருகிறேன். படத்தின் பலம் என்னவென்றால், வெளியாள் ஒருவரின் விளக்கக் குரல் இல்லாமல் பொம்மனும் பெள்ளியுமே தமிழில் பேசுகிறார்கள். கணவனைப் புலிக்குப் பறிகொடுத்து, மகளையும் இழந்த பெண், காடென்றாலே அஞ்சியவர், அதே காட்டில் குட்டி வளர்க்க வந்ததை அவர் வாயாலேயே கேட்கிறோம். பலவீனம், அந்தப் பேச்சைப் படம் ஒரே சுருதியில் கேட்பது. பொம்மன் செய்வது வேலை. தந்தை வழி வந்த தொழில். பெள்ளி செய்வது தாய்மை. பால் கலப்பது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, இரவு விழித்திருப்பது எல்லாம் அன்பின் கணக்கில் எழுதப்படுகின்றன. அன்பு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் குட்டி ரகுவை வனத்துறை வேறொரு பராமரிப்பாளரிடம் மாற்றும்போது படம் அதைத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதாக மட்டுமே காட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரு யானையின் உடம்பைப் படித்துத் தேர்ந்த ஒருத்தியின் அறிவு முடிவெடுக்கும் மேசையில் எங்கே இருந்தது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. கண்ணீர் வருகிறது, கேள்வி நழுவிவிடுகிறது.

ஆஸ்கருக்குப் பிறகு, 2023 ஆகஸ்டில், தெப்பக்காடு முகாமின் முதல் பெண் காவடியாகப் பெள்ளிக்குப் பணி நியமன ஆணையை முதல்வர் கொடுத்தார். அந்த ஆணை பெள்ளி என்ற கேட்பாளரை அரசுப் பதிவேட்டில் ஏற்றியது. உலகமே பார்த்த பிறகு ஏற்றியது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் ஊருக்குச் சொல்லும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை பல ஆண்டுகளாக நடத்துகிறது. அங்கே யானையால் நேர்ந்த இறப்புகளில் பல, யானை நிற்பது தெரியாமல் நடந்தவை. விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு அந்த விளக்கு உயிர். அப்படிப்பட்ட இடங்களில் கேட்கும் திறன் என்பது மனநெகிழ்வு சார்ந்த விஷயமே இல்லை. கூலியும் பதவியும் காப்பீடும் தர வேண்டிய தொழில்திறன்.

'விஸ்பரர்' என்ற சொல்லுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு யானை இருக்கிறது. தென்கொரியாவின் எவர்லாண்ட் பூங்காவில் கோஷிக் என்ற ஆண் ஆசிய யானை, துதிக்கையை வாய்க்குள் விட்டு, மனிதக் குரலைப் பாவனை செய்யக் கற்றுக்கொண்டது. ஆங்கேலா ஸ்டோகர் குழுவின் ஆய்வு 2012இல் வந்தது. சிறுவயதில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கோஷிக்குக்கு வேறு யானைத் துணையே இல்லை. பேசக் கிடைத்தவர்கள் மனிதர்கள் மட்டும். அது கற்றவை ஐந்து சொற்கள்: அன்யோங், அன்ஜா, அனியா, நூவோ, சோவா. வணக்கம், உட்கார், இல்லை, படு, நல்லது. பராமரிப்பாளர்கள் அதனிடம் பெரும்பாலும் என்ன பேசினார்கள் என்பது இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. 'படு' என்று கோஷிக் சொல்லும்போது யாராவது படுக்க வேண்டுமென்று அது எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.